உன் இடது காலைப் பற்றி

அருளு, ஷூவுக்குள் என்ன காகிதம் என்று திட்டிக்கொண்டேதான் இதை எடுத்திருப்பாய். பையில் வைத்தால் நீ பார்க்க ஒரு வாரம் ஆகும். சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைத்தால் உன் நைனா முதலில் எடுத்துப் படிப்பார். அதனால்தான் ஷூ. இப்போது அந்த ஷூவைப் போடாதே. போய்க் கட்டிலில் படு. இரண்டு தலையணைகளையும் எடுத்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படி. சிரிக்காதே. காலமெல்லாம் ஊரார் பிள்ளைகளை "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டிய டீச்சர்தான், சொந்தப் பிள்ளையைப் படுத்துக்கொண்டு படிக்கச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

நேரில் சொல்லலாம்தான். சொல்ல வாயைத் திறந்தால் "போம்மா, உனக்கு வேற வேலை இல்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். நான் அழுவேன். நான் அழுதால் உன் நைனாவுக்குக் கை கால் ஓடாது, அவர் உன்னைப் பார்த்துக் கத்துவார், கடைசியில் சொல்ல வந்தது சொல்லாமலே போகும். நம் வீட்டில் எந்தப் பேச்சு ஒழுங்காக முடிந்திருக்கிறது? திங்கட்கிழமை உனக்குக் கப்பல் கம்பெனி மெடிக்கல். அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமல் உன்னை அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு நீதான் ஸ்டார் கட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாய். நான் கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒயரைச் சொருகினதும் ஸ்டார் எரிந்தது. தெருவே சிவப்பானது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். என் முகத்துக்கு நேரே உன் இடது கால் ஆடுசதை. அதன் பின்பக்கத்தில், முழங்கால் மடிப்பில் தொடங்கி, விரல் தடிமனுக்கு ஒன்று புடைத்து வளைந்து வளைந்து கீழே இறங்கியிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வலது காலில் அதே இடத்தில் அதே வளைவு. "யம்மா, நேரா கீதா பாரு" என்று மேலே இருந்து கேட்டாய். "இருக்கு, இருக்கு, எறங்கு" என்றேன். நீ ஸ்டாரைக் கேட்டாய், நான் அதைப் பார்க்கவே இல்லை. அன்று ராத்திரிப் பூசையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

என் காலை முதலில் பரிசோதித்தவன் நீதான், தெரியுமா? உனக்கு நாலு வயசு இருக்கும். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டினால், என் காலடியில் உட்கார்ந்துகொள்வாய். புடவையை லேசாக ஒதுக்கி அந்தப் புடைப்பை விரலால் அழுத்துவாய். அது அமுங்கிக் காணாமல் போகும். விரலை எடுத்தால் திரும்ப வரும். உனக்கு ஒரே சிரிப்பு. "ம்மா, உன் காலுக்குள்ள இன்னா, பாம்பு கீதா?" என்பாய். ஒருநாள் பக்கத்து வீட்டு சரோஜா இருக்கும்போதே கேட்டுவிட்டாய். எனக்கு வந்ததே ஆத்திரம், கையிலேயே ஒன்று வைத்தேன். அன்றிலிருந்து பாவாடையைக் கணுக்கால் மூட இறக்கிக் கட்ட ஆரம்பித்தேன். நீ வயிற்றில் இருந்தபோதுதான் அது முதலில் தலை காட்டியது. உன்னால் வந்தது என்று சொல்லவில்லை. சொன்னாலும் நீ என்ன செய்வாய், திரும்ப உள்ளேயா போக முடியும்?

அதற்கப்புறம் அந்தக் கால் என்னோடு சேர்ந்து எத்தனை வகுப்புக்கு நின்றிருக்கிறது! எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளை தூங்கும் என்பது அங்கே சட்டம். நாங்களும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வோம். சாயங்காலம் ஆனால் கால் இரும்பாகக் கனக்கும், கணுக்காலைச் சுற்றி அரிக்கும், செருப்பு வார் பதிந்து பள்ளமாகும். கணுக்காலின் உட்பக்கம் தோல் பழுப்பாகி, பிறகு கறுத்து, வழவழவென்று மெலிந்துபோனது. அழுக்கு என்று நினைத்துக் கால் தேய்க்கிற கல்லை வைத்துத் தேய்த்தவள் நான். ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு ரத்த ஓட்டம் பாடம் எடுத்தவள். இதயம், தமனி, சிரை என்று படம் போட்டு, நீலச் சாக்பீஸில் ஒன்று, சிவப்புச் சாக்பீஸில் ஒன்று வரைந்தவள்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலில் கட்டோடு நான் படுத்திருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டாய். "பாத்ரூம்ல வழுக்கிச்சு, சின்னக் கீறல்" என்றேன். வழுக்கவில்லை. பூசைக்குப் போக வெந்நீர் விளாவிக் குளித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அந்தக் கறுத்த இடத்தைக் கல்லால் தேய்த்தேன். வலிக்கவே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. சரோஜா கொடுத்த புது மிதியடி சாயம் போகிறது என்று நினைத்து, அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே இன்னொரு சொம்பு ஊற்றினேன். சிவப்பு குறையவில்லை. குனிந்து பார்த்தால், கணுக்காலில் குண்டூசிக் குத்து மாதிரி ஒரு ஓட்டை. அதிலிருந்து ரத்தம் கோடாகப் பீய்ச்சி எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அருளு, ரத்தம் அப்படிச் சத்தமில்லாமல் போகும் என்று எனக்குத் தெரியாது.

உன் நைனா அப்போதுதான் காசிமேட்டில் மீனை இறக்கிவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கத்தலைக் கேட்டு ஓடி வந்தவர் ஒரு நொடி நின்றார். பிறகு அவருக்குப் போட்டில் இருக்கும் முகம் வந்துவிட்டது. "ஒண்ணியும் இல்லமே, ஒண்ணியும் இல்ல. போட்ல எத்தினி பேருக்குக் கட்டிகீறேன். நீ ஆடாத" என்றார். வலைக் கம்பி கையைக் கிழித்தால், வலை இழுக்கிற வின்ச்சில் விரல் மாட்டினால், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டுக் கரைக்குத் திருப்புவார்கள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், அதில் அவர் பொழைக்க வைத்த ஆட்களும் இருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் நீலக் கயிற்றை எடுத்து வந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு, முழங்காலுக்குக் கீழே மீன்காரன் முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.

ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. அவருக்குப் புரியவில்லை. இன்னொரு சுற்று இறுக்கினார். இன்னும் வந்தது. என் பாதம் நீலமாகி உப்பியது. "இன்னாமே இது, நிக்க மாட்டேங்குது!" என்றார். உன் நைனா பயந்து நான் பார்த்ததில்லை. புயலில் போட் திரும்பாமல் நாம் கரையில் நின்ற அந்த முறைகூட, இறங்கி வந்து "பசிக்குது" என்றுதான் சொன்னார். அன்று அவர் போட்ட முடிச்சே நழுவியது. தரையில் டீயும் ரத்தமும் கலந்து ஓடியது. சரோஜா வீட்டுக்காரர் பாபு ஆட்டோவைக் கொண்டுவந்தார். அதிலும் என்னை நேராக உட்கார வைத்து, காலை நைனா மடியில் வைக்காமல் கீழே வைத்தார்கள். ஆட்டோ பாழாகிவிடக் கூடாது என்று நானே ஒரு பிளாஸ்டிக் கவரை விரிக்கச் சொன்னேன், பார் என் புத்தியை. ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. பாபு ஹாரனை விடாமல் அடித்தார். "அக்கா, கண்ண மூடாத, பேசிகினே இரு" என்றார். நான் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? உன் வேலைச் சட்டை ஊறவைத்திருக்கிறேன், அலசிப் போடணும் என்று சொன்னேன். அப்புறம் காது அடைத்தது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். கயிற்றைப் பார்த்ததும் கத்தரியை எடுத்து வெட்டினார். என்னைப் படுக்க வைத்து, காலை மார்புக்கு மேலே தூக்கி, அந்த ஓட்டையின் மேல் துணியை மடித்து வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். நின்றுவிட்டது. அவ்வளவுதான் அருளு. வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு கட்டை விரல், தூக்கிப் பிடித்த கால். "யாரு கட்டினது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் உன் நைனா. "இது சிரையில வர ரத்தம், கீழேருந்து மேல போறது. மேல கட்டினா அதுக்குப் போக வழி இல்ல, இருக்கிற ஓட்டை வழியாத்தானே வரும்?" என்றார். திட்டவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். உன் நைனா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த டாக்டர் எனக்குச் சொன்னதை உனக்கு நான் ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நடுக்கடலில் ஒரு கப்பல் சமையலறையில் உனக்கு இது நடந்தால், சுற்றி நிற்கிறவர்களும் கயிறு பிடிக்கிறவர்கள்தான்.

அடுத்த வாரம் ரத்தக்குழாய் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அது ஒரு டாக்டரம்மா, கண்ணாடி போட்டவர், என்னைவிடச் சின்னவர். போவதற்கு முந்தைய நாள் முழுக்க நான் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைக் கூட்டிவைக்கிற மாதிரி, புடைப்பு கொஞ்சம் அமுங்கிக் கால் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. கறுத்த இடத்தில் பவுடர் வேறு பூசினேன். மறைப்புக்குள் போய்ப் பெஞ்சில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "படுத்துட்டா எப்படிம்மா பார்க்கறது? எழுந்து நில்லுங்க. நின்னாத்தான் அது வெளியே வரும்" என்றார். அங்கே ஒரு மரப்படி இருந்தது. அதன்மேல் ஏறி, புடவையைத் தொடை வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உன் நைனாவுக்கே நான் வெளிச்சத்தில் காலைக் காட்டியதில்லை. படியில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா பவுடரைப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சிரித்தார். "கிளாசுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த மாதிரி ரெடி பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

என்ன செய்வார்களோ என்று நீயும் பயந்துகொண்டிருப்பாய், அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்றும் செய்யவில்லை, பார்த்தார். முன்னால், பின்னால், திரும்பச் சொல்லி, குனிந்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். வலி எப்போது வரும், காலையிலா சாயங்காலமா, வீக்கம் இரவில் வடிகிறதா, எப்போதாவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். புடைப்பின் மேல் விரல் ஓட்டினார், நீ அன்று ஓட்டின மாதிரியே. தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்து "இருமுங்க" என்றார். இருமினேன். அவர் விரலுக்குள் ஏதோ அதிர்ந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு படுக்கச் சொல்லிக் காலைத் தூக்கி, ரத்தத்தையெல்லாம் மேல்நோக்கி வழித்துவிட்டு, ஒரு ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தார். "இப்ப தொடையில இதைக் கட்டப் போறேன்" என்றார்.

மறைப்புக்கு வெளியே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. "டாக்டரம்மா! கட்டாதீங்க! கட்டினா நிக்காது! அவ செத்துடுவா!" உன் நைனா. நர்ஸ் ஓடினாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. நானும் அந்தப் பட்டையைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டு என் தலைமாட்டில் நிற்க வைத்தார். "நான் ரத்தம் நிறுத்தக் கட்டலைங்க. எங்கேருந்து இறங்குதுன்னு பார்க்கத்தான். கொஞ்ச நேரத்துல அவுத்துடுவேன், நீங்களே பாருங்க" என்றார். கட்டினார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கால் சமமாக இருந்தது, உன் வயசில் இருந்த மாதிரி. பட்டையை அவிழ்த்தார். மேலிருந்து சரசரவென்று இறங்கி அந்தப் புடைப்பு முழுக்க நிரம்பியது. நான் பார்த்தேன், உன் நைனாவும் பார்த்தார். சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்குமாம். ரத்தம் மேலே ஏறியதும் மூடிக்கொள்ள வேண்டும். எனக்குத் தொடையில் இருக்கிற பெரிய கதவே மூடவில்லை. அதனால் ஏறினதெல்லாம் திரும்ப இறங்கி, கணுக்காலில் தேங்கித் தோலை அரித்திருக்கிறது.

கடைசியாக ஒரு பேனா மாதிரிக் கருவி. குளிர்ச்சியான பசையைத் தடவி முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். மற்ற கையால் என் ஆடுசதையைப் பிழிந்தார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம் அந்த ரூம் முழுக்கக் கேட்டது. கையை விட்டார். உஸ்ஸ்ஸ்ஸ் என்று இன்னொரு சத்தம், முதலாவதைவிட நீளமாக. "இன்னா சத்தம்மா அது?" என்றார் உன் நைனா. "பிழியும்போது ஒரு சத்தம் வரணும். விட்டா அமைதியா இருக்கணும். இவங்களுக்கு விட்டதுக்கப்புறமும் வருது. இறங்கற சத்தம் அது" என்றார். எனக்கு அந்த இரண்டாவது சத்தம் காதிலேயே நிற்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அதுதான் கேட்கிறது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "இது குடும்பத்துல வர்றது. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டார். உன் நைனா ஒன்றும் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்த ஸ்டார் வெளிச்சம் கண் முன்னால் வந்தது. கூடவே உன் கப்பலும் வந்தது. ஓட்டல் சமையலறையில் அடுப்பு முன்னால் நின்று நின்று நீ எவ்வளவு நாள் இதற்காகக் காத்திருந்தாய்! அந்த ஆர்டர் வந்த அன்று நைனாவைத் தூக்கிச் சுற்றினாயே. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உன் பேர் ஏறினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ, உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு ஓடியது. "இல்லை டாக்டர், யாருக்கும் இல்லை" என்றேன். படியில் புடவையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இல்லை.

காலுறை எழுதிக் கொடுத்தார்கள். தோல் நிறத்தில், முழங்கால் வரை, போடுவதற்குள் மூச்சு வாங்கும். அதைக் கொடுப்பதற்கு முன்னாலும் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார்கள். காலுக்கு வர வேண்டிய ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று தெரியாமல் இறுக்கமான உறை போடக் கூடாதாம். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் வரச் சொல்லிக் கணுக்காலுக்கு ஒரு அளவு, சதைக்கு ஒரு அளவு என்று டேப் வைத்து எடுத்தார்கள். மாற்றிப் போட இரண்டு ஜோடி வாங்கினோம்.

அதில் ஒரு ஒற்றை உறை காணாமல் போயிற்று. எல்லாரையும் திட்டினேன். காக்காவைத் திட்டினேன், சரோஜா வீட்டுப் பூனையைத் திட்டினேன், கொடியில் கிளிப் போடவில்லை என்று உன் நைனாவைத் திட்டினேன். ஒற்றை உறையை எந்தத் திருடன் எடுப்பான் என்று அவர் கேட்டது நியாயம்தான். போன வியாழக்கிழமை நீ வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். பேண்ட் மேலே ஏறியது. இடது கால், சாக்ஸுக்கு மேலே தோல் நிறத்தில் ஒரு விளிம்பு. என் கையில் இருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "இன்னாம்மா, ஊத்து" என்றாய். ஊற்றினேன்.

அதுவரைக்கும் நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? இவனுக்குத் தெரியாது, நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உனக்கும் சாயங்காலம் கால் கனக்கிறது. உனக்கும் கணுக்கால் அரிக்கிறது. நீயும் என்னைப் போலவே மூடி மூடி வைத்திருக்கிறாய். பாவாடையை இறக்கிக் கட்டினவள் வயிற்றில் பிறந்தவன்தானே. எனக்குக் கோபமே வரவில்லை அருளு. நீ ஒருவனாக அந்தச் சமையலறையில் பயந்துகொண்டு நிற்கிறாய் என்று நினைத்ததும் எனக்கு நெஞ்சு வலித்தது.

ஆனால் அந்த உறை என் கால் அளவுக்கு எடுத்தது. உன் ஆடுசதை என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. மறுநாள் நீ தூங்கும்போது போர்வையை விலக்கிப் பார்த்தேன், மன்னித்துவிடு. முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் சிவப்பாக ஒரு பள்ளம். உறையின் மேல் விளிம்பு ஏற மாட்டாமல் சுருண்டு நாள் முழுக்க அங்கே இறுக்கியிருக்கிறது. உன் நைனா நீலக் கயிறு கட்டினது அதே இடத்தில்தான். அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ நடுக்கடலில் அதைப் போட்டுக்கொண்டு கொதிக்கிற அண்டா முன்னால் நிற்பாய், எதிலாவது கால் இடிக்கும், அங்கே யாரோ ஒரு நல்ல மனுஷன் பதறிப்போய் மேலே கட்டுவான். இதைத் தவிர எனக்கு இப்போது வேறு எதுவும் தோன்றுவதில்லை. ஜெபமாலை கையில் எடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது.

கப்பலுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. டாக்டரம்மாவிடம் கேட்டேன், யாரோ ஒரு பையனுக்கு என்று பொய்யாகக் கேட்டேன். சின்ன வயசு என்றால் முதலில் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும், பல பேருக்கு உறையும் பழக்கமும் போதும், சிலருக்குச் சின்ன சிகிச்சை செய்துவிட்டால் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்றார். கம்பெனி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. தள்ளிப் போகலாம். ஒருவேளை வேண்டாம் என்றே சொல்லலாம். அப்படிச் சொன்னால் நீ சுவரில் குத்துவாய், நான் அழுவேன், உன் நைனா வழக்கம்போல "பசிக்குது" என்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து யாரோ எனக்குத் தெரியாத பாஷையில் போன் செய்வதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஒன்றை மட்டும் இப்போதே மனப்பாடம் செய். ரத்தம் வந்தால் உடனே படு. தரை அழுக்கோ ஈரமோ பார்க்காதே, படு. காலைத் தூக்கு. வருகிற இடத்திலேயே அழுத்து. யாரையும் மேலே கட்ட விடாதே. கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிவை. உன் நைனாவும் போட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், கேட்காதவனைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிக் காட்டுகிறாராம். கதவுக்குப் பின்னால் அந்த நீலக் கயிறு இப்போது இல்லை, கவனித்தாயா? எங்கே என்று அவரிடம் கேட்காதே.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஸ்கேன். மறுபடியும் அந்தப் படியில் ஏறி நிற்க வேண்டும், மறுபடியும் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். எனக்குத் தனியாக ஏறப் பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் நைனா வந்தால் நாற்காலியைத் தள்ளுவார். நீ வா. டாக்டரம்மாவிடம் நான் பொய் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். நீ பக்கத்தில் இருந்தால், நான் இறங்கினதும் நீ ஏறலாம்.

என்னிடம் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். அந்த உறையை இன்றைக்கே கழற்று. அலசி, பிழியாமல், வெள்ளிக்கிழமை நான் எழுவதற்கு முன் கொடியில் மற்ற மூன்றோடு சேர்த்துப் போட்டுவிடு. நாலும் இருந்தால் நீ வருகிறாய் என்று எடுத்துக்கொள்வேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மூன்றுதான் இருக்கிறது என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அருளு. கிளிப் போட மறக்காதே, காற்று அடிக்கிறது.

அம்மா